பிச்சி மொட்டு எழுத்து

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் கோமதிநாயகத்தின் கல்யாண கார்டு கடை இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருபத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் ராஜபாய். வீடு பாறசாலையில். காலை பாசஞ்சரில் வந்து மாலை பாசஞ்சரில் போவாள். கல்யாணக்குறி என்கிற அழைப்பிதழ் அடிக்க வந்துபோனவர்களுக்கு அவள் முகம் ஞாபகம் இருக்காது, அவளுடைய கண்டிப்பு ஞாபகம் இருக்கும்.

கண்டிப்பெல்லாம் ப்ரூஃப் விஷயத்தில்தான். அச்சுக்குப் போகும் முன் ஒரு தாளில் எடுத்துக் கொடுப்பாள். வீட்டார் அதை வாசித்து, ‘ஓகே’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, அதற்குக் கீழே தாங்கள் யாருக்கு என்ன உறவு என்றும் எழுத வேண்டும். மாப்பிள்ளைக்கு அப்பா, பெண்ணுக்கு மாமா, இப்படி. அப்பாக்களை அவள் நம்புவதில்லை. தங்கள் பெயரும் பட்டமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்கிவிடுவார்கள். அம்மாக்கள்தான் முகூர்த்த நேரத்திலிருந்து மண்டபத்துக்கு வழி வரைக்கும் விரல் வைத்து வாசிப்பார்கள். ஆகவே முடிந்த மட்டும் அம்மாவைக் கூட்டிவரச் சொல்வாள். ஓகே விழாமல் ஒரு தாளும் மெஷினுக்குப் போகாது, மந்திரி வீட்டுக் கல்யாணமானாலும் சரி.

இவள்தான் ‘கோமதி’யைச் செய்தவள். கோமதி என்பது ஒரு எழுத்து, அதாவது கம்ப்யூட்டர்காரர்கள் ஃபான்ட் என்று சொல்வது. பெயர் தெரியாவிட்டாலும் எழுத்து உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் எந்தத் தமிழ்க் கல்யாணத்துக்காவது போயிருந்தால் அது உங்கள் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொரு எழுத்தும் முடிகிற இடத்தில் கோடு லேசாக வளைந்து, நுனியில் ஒரு பிச்சி மொட்டு இருக்கும். மணமகள் பெயரையும் மணமகன் பெயரையும் அதில் பெரிதாகப் போட்டால் தாளில் பூ வைத்த மாதிரி ஆகிவிடும். எழுத்தை வாசிக்கிறவர்கள் ஊர் முழுக்க உண்டு, பார்க்கிறவர்கள்தான் இல்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருவர் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பார்கள். ராஜபாயும் இருபத்தைந்து வருடம் பயந்துகொண்டே இருந்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் அது ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் கோமதிநாயகத்துக்கு ஓர் ஆசை வந்தது. எல்லாக் கடையிலும் அதே நாலைந்து எழுத்து, எந்தக் குறியைப் பார்த்தாலும் ஒரே குறி மாதிரி இருக்கிறது, நமக்கென்று ஒன்று வேண்டும் என்றார். ராஜபாய் இரண்டு வாரம் வரைந்து பார்த்தாள். எல்லாம் வாத்து நடப்பது போல் வந்தது. டிசம்பர் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் குடும்பக் கல்லறைக்கு வெள்ளையடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். அப்பாவின் கல்லறைக்கு அடித்துக்கொண்டிருந்தபோது மூன்று கல்லறை தள்ளி ஒரு கருங்கல் பலகை அவள் கண்ணில் பட்டது. மற்ற கல்லெல்லாம் ஆணியால் கீறின மாதிரி இருக்க, அதில் மட்டும் எழுத்துக்கு எழுத்து மொட்டு இருந்தது. மறுநாளே பட்டர் பேப்பரும் பென்சிலும் கொண்டுபோனாள். பலகைமேல் தாளை வைத்துத் தேய்த்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

எழுத்தோடு பிழைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எழுத்துத்தான் கண்ணில் படும், அது என்ன சொல்கிறது என்பது படவே படாது. செல்வமணி என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததை அந்தப் பலகை சொன்னது. ராஜபாய் அதில் முப்பத்துநாலு எழுத்து இருப்பதை எண்ணினாள். மீதி நூற்றுக்கு மேலே அவளே வரைந்தாள். இருப்பதைப் பார்த்து இல்லாததைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. மூன்று மாதம் ஆயிற்று. கோமதிநாயகம் தன் சொந்த ஊர் கோமதி அம்மன் பெயரையே எழுத்துக்கு வைத்து, முதல் குறியை அடித்து, ஐந்நூறு கவரும் போனபிறகுதான் அவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கல்லறை எழுத்தில் கல்யாணம். வெளியில் தெரிந்தால் கடைக்கு எவன் வருவான்? கல்லுக்குச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

கோமதி பிய்த்துக்கொண்டு ஓடியது. முதலில் தங்கப் பொடி ஒட்டி அடிக்கும்போது மொட்டின் காம்பு அறுந்துபோனது என்று கொஞ்சம் சதை வைத்து ‘கோமதி தடி’ செய்தாள். நாகர்கோவிலில் யாரோ ஃப்ளாப்பியில் நகலெடுத்து, உள்ளே வெட்டி எடுத்து, வெறும் ஓரம் மட்டும் வைத்து, ‘ராணி’ என்று பெயர் சூட்டினார்கள். திருநெல்வேலியில் நிழல் போட்டு ‘மணவாட்டி’ என்றார்கள். பெண் பிறந்த வீட்டில் ஒரு பெயரும் புகுந்த வீட்டில் ஒரு பெயருமாக இருப்பது போல அது ஊருக்கு ஊர் பெயர் மாற்றிக்கொண்டது.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து அனந்தலக்ஷ்மி மாமி மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, எழுத்தெல்லாம் பாந்தமாக இருக்கிறது, இந்த மொட்டு மட்டும் எங்களுக்கு வேண்டாம், ஏதோ சர்ச் வாசல் மாதிரி இருக்கிறது என்றார். ராஜபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. மொட்டை எடுத்துவிட்டு மஞ்சள் தடவினாற்போல் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாள். அது ‘கோமதி சாதா’. வலியசாலைத் தெருவில் இன்றைக்கும் சாதாதான் ஓடுகிறது.

பிறகு மலையாளம். இங்கே குறி என்றால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். ஒரு பக்கம் மொட்டும் மறுபக்கம் மொட்டையுமாக இருந்தால் சம்பந்தி சண்டைக்கு அதுவே போதும். கடையில் மலையாளம் பார்க்கிற பிஜு மலையாளத்துக்கும் மொட்டு வைக்க உட்கார்ந்தான். மலையாள எழுத்துக்கு நுனி எங்கே இருக்கிறது? சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்துவிடுகிற எழுத்து. கடைசியில் சுழிக்குள்ளே மொட்டை வைத்தான். தொட்டிலில் பிள்ளை கிடப்பது போல் அதுவும் அழகாகத்தான் இருந்தது.

ஃப்ளெக்ஸ் வந்ததும் கோமதிக்கு மானம் போயிற்று. கட்சிக்காரர்கள் அதை அகலமாக இழுத்துத் தலைவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சாலை பஜாரில் ஒரு புரோட்டாக் கடைக்குப் பெயர்ப்பலகையாயிற்று. ராஜபாய் அதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் கோமதி போகவில்லை. பதினாறாம் நாள் கார்டுக்கும் நினைவுநாள் கார்டுக்கும் அதைப் போடக் கூடாது என்று கோமதிநாயகம் உத்தரவு போட்டிருந்தார். கல்யாண எழுத்தை எழவுக்கு வைப்பதா என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் ராஜபாய் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிப்பாள்.

இதெல்லாம் பழைய கதை. போன வருடம் கழக்கூட்டம் என்ற புறநகர்ப் பகுதியிலிருந்து ஷிஜா என்ற பெண் வந்தாள். இந்திய மொழிகளுக்கு எழுத்துச் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. கோமதி பழைய முறையில் செய்த எழுத்து. கடைக் கம்ப்யூட்டரில் ஓடும், செல்போனில் அனுப்பினால் குப்பையாகத் தெரியும். அதைப் புது முறைக்கு மாற்றி, தடி, சாதா, ஓரம், நிழல், மலையாளம் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்த்து வெளியிட வேண்டும், கூடவே அதன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவள் திட்டம். கோமதிநாயகம் சந்தோஷமாகச் சம்மதித்தார். ராஜபாய் பழைய ஃப்ளாப்பிகளைத் தேடிக் கொடுத்தாள், எது முதலில் எது பின்னால் என்று வருடவாரியாகச் சொன்னாள். ஷிஜா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் கேட்டாள்.

“சேச்சி, இந்த மொட்டு எங்கேந்து கிட்டிச்சு?”

“சும்மா, மனசுல தோணிச்சு” என்றாள் ராஜபாய்.

சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. இதுவரை அவள் மறைத்திருக்கிறாளே தவிர, பொய் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

ஆறு மாதம் கழித்துப் புத்தகத்தின் முதல் பக்கம் ப்ரூஃபாக வந்தது. மேலே கோமதியில் அவள் பெயர். ராஜபாய் என்ற நாலு எழுத்தும் பெரிதாக, மொட்டு மொட்டாக. ஆயிரக்கணக்கான பெயர்களை அவள் அந்த எழுத்தில் போட்டிருக்கிறாள். தன் பெயரைப் போட்டுப் பார்த்ததில்லை. அவளுடைய கல்யாணம் நடந்தபோது கோமதி இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். கீழே வாசித்தாள். இந்த மொட்டு முழுக்க முழுக்க ராஜபாயின் கற்பனையில் பூத்தது என்று இருந்தது. பக்கத்தின் அடியில் ஷிஜா பென்சிலில் எழுதியிருந்தாள், நோக்கிவிட்டு ஒரு ஓகே போட்டு அனுப்புங்கள் சேச்சி என்று.

ராஜபாய் பேனாவை எடுத்தாள். ஓகே என்று எழுத வரவில்லை. ஊரையெல்லாம் நிறுத்திவைத்து வாசித்தாயா, சரிபார்த்தாயா, தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டவள் அவள். தப்பு என்று தெரிந்த தாளில் ஓகே போடக் கை எப்படி வரும்? நாலு நாள் அந்தத் தாள் விசைப்பலகைக்கு அடியில் கிடந்தது. பெயர் வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. ஆசைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் கோமதிநாயகத்திடம் உள்ளதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எம் மவ கல்யாணமும் இந்த எழுத்துலதான ராஜம் நடந்துச்சு?”

ஆமாம் அண்ணாச்சி என்றாள். மகள் நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், துபாயில் வீடு. அதை அவரே தனக்குச் சொல்லிக்கொண்டு கொஞ்சம் தெளிந்தார். பிறகு வியாபாரி பேசினார். இருபத்தைந்து வருடமாக ஒரு கல்யாணமும் இதனால் கெட்டுப்போகவில்லை, இப்போது போய்ச் சொன்னால் அன்றைக்கு நடந்த கல்யாணத்தில் இன்றைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தாலும் நம்மைத்தான் சொல்வார்கள், பேசாமல் ஓகே போட்டு அனுப்பு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் ராஜபாய்க்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இது அண்ணாச்சியிடம் கேட்க வேண்டிய விஷயமே இல்லை.

கல் ரத்னாபாய் டீச்சருடையது. டீச்சர் செல்வமணியின் அம்மா, அதே சபை. அரசுப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டியாயிற்று. புருஷனும் போய்விட்டார், தனியாகத்தான் இருக்கிறார். இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் டீச்சர் கண்ணில் படாத பெஞ்சாகப் பார்த்து ராஜபாய் உட்கார்ந்திருக்கிறாள். ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவாள். சபையில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை. மத்தியானம் டீச்சர் வீட்டுக்கே போனாள், ப்ரூஃபைக் கவரில் போட்டுக்கொண்டு. டீச்சர் கதவைத் திறந்து, வா மக்களே என்று சாதாரணமாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ராஜபாய் வழியில் அழகாக அடுக்கிவைத்திருந்த வாக்கியமெல்லாம் போய்விட்டது.

“டீச்சர், கோமதி எழுத்து நான் செல்வமணிக்க கல்லுலேந்து எடுத்தது. கேக்காம எடுத்தேன்.”

டீச்சர் தலையை ஆட்டினார். தெரியாத சேதி கேட்டவர் போல இல்லை. எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“மயிலாடியிலேந்து கல்லு கொத்த வேலப்பன் வந்தாரு. அவரு சும்மா மொட்டையாத்தான் எழுத இருந்தாரு. நாந்தான் விடல்ல. சித்திரையில அவளுக்குக் கல்யாணம் பேசி வச்சிருந்தது. குறி அடிக்கக் குடுக்கணும்னு இருந்த பிள்ளைக்குக் கல்லு அடிக்க வேண்டி வந்துச்சு. எனக்க மவ பேரு ஒரே ஒரு தடவதான் எழுத்துல வரப்போவுது, அது கல்யாணக்குறி மாதிரி இருக்கட்டும்னு நெனச்சேன். மொட்டு நான் வரைஞ்சு குடுத்தது. அவ கல்யாணச் சேலைக்குத் தைக்க வச்சிருந்த பூ.”

ராஜபாய் வாய்விட்டு அழுதாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குச் சொல்ல இன்னும் இருந்தது.

தொண்ணூற்றொன்பதில் ஸ்டீபன் வாத்தியார் மகளுடைய குறி வந்தபோது, கவர்மேல் அச்சான பெயர்களைப் பார்த்து, பிரிப்பதற்கு முன்பே டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. தன் கையால் வரைந்த மொட்டை யாருக்குத்தான் தெரியாது? அடியில் கடைப் பெயர் இருந்ததால் எடுத்தது யார் என்றும் புரிந்துவிட்டதாம். அந்தக் குறியை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாராம். முதலில் கோபம்தான் வந்ததாம். சாயங்காலம் ஆக ஆக அது போய்விட்டதாம். கல்யாணத்துக்குப் போனாராம். அன்றிலிருந்து அந்த எழுத்தில் வந்த ஒரு கல்யாணத்தையும் அவர் விட்டதில்லை. சொந்தம், சபை, பள்ளிக்கூடம், தெரு, எதுவானாலும் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்கு வந்த குறியைப் பார்த்துவிட்டு அழைக்காத கல்யாணத்துக்குக்கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

“அப்ப ஒரு நாளாவது ஏங்கிட்ட கேட்டிருக்கலாமே டீச்சர்” என்றாள் ராஜபாய்.

“கேட்டா நீ நிறுத்திப்போடுவியோன்னு பயந்தேன் மக்களே.”

இருபத்தைந்து வருடம் ஒரே கோயிலில், பத்து பெஞ்சு இடைவெளியில், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யோசித்தால் சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். அவளுக்கு வரவில்லை.

கவரிலிருந்து தாளை எடுத்தாள். கற்பனையில் பூத்தது என்ற வரியைக் கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் தன் கையால் எழுதினாள். மொட்டு வரைந்தவர் ரத்னாபாய், தன் மகள் செல்வமணிக்காக. கல்லில் கொத்தியவர் மயிலாடி வேலப்பன். அந்த முப்பத்துநாலு எழுத்தை எடுத்து, மற்ற எழுத்தெல்லாம் வரைந்து சேர்த்தவள் ராஜபாய். மேலே பெரிதாக இருந்த தன் பெயரை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தாள். அதையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் செல்வமணி என்று போடச் சொல்லி அம்புக்குறி இட்டாள். மனசு வலிக்காமல் இல்லை. ஆனால் அடித்தாள். கீழே ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணாச்சி என்ன சொல்வார் என்ற நினைப்பு வந்தது. சொல்லட்டும். மறுநாள் அவரிடம் தாளைக் காட்டியபோது அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, டீச்சரம்மாவை ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமையே, ரத்னாபாய் டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கி வாசித்தார். விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக. வேலப்பன் பெயருக்கு முன்னால் சிற்பி என்று சேர்க்கச் சொன்னார், அவர் அப்படித்தான் ஆசைப்பட்டார் என்றார். பிறகு, எங்கே போடணும் என்று கேட்டு, ராஜபாயின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். கடை வழக்கப்படி கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று ராஜபாய் சொன்னாள். டீச்சர் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை ஷிஜா போன் செய்தாள். திருத்தமெல்லாம் மனசிலாயிற்று, பக்கத்தை மாற்றிவிடுகிறேன், வேலப்பனைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும் என்று என்னென்னவோ பேசினாள். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள். ஓகேக்குக் கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறதே, சேச்சியுடையது ஒன்று, மற்றது யாருடையது?

“கீழ எழுதியிருக்குமே, வாசிச்சுப் பாரு” என்றாள் ராஜபாய்.

ஷிஜாவுக்குத் தமிழ் பேச வரும், கையெழுத்தை வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“பெண்ணுக்கு அம்மா.”